அந்தப் பிள்ளையின் வெட்டாத பதிவுகள்

நீ பொய் சொல்கிறாய். அந்தப் பிள்ளையின் பதிவுகள் உன்னிடம் இருக்கின்றன. இல்லை என்று என்னிடம் போனில் இரண்டு முறை சொன்னாய். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை சொன்னாய். மூன்றும் பொய்.

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். உன் அம்மாவுக்குப் படிக்க வரும். அவர் உனக்குப் படித்துக் காட்டட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முழு விஷயம் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. துவாரகாவில் வாடகை வீடு. சங்கீதம் கற்றவள் இல்லை. ஷிஃப்ட் முழுக்க பெல்ட் ஓடும் சத்தம், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கிற பீப் சத்தம், ஹிந்தியில் கத்தல். இந்த மாதிரி சத்தங்களை வைத்தே சிலர் பாட்டு செய்கிறார்கள் என்று சொல்லி, கூட வேலை பார்த்த வங்காளிப் பெண் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். போனில் ஏற்றி மெட்ரோவில் கேட்டேன். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். யாரோ ஒரு இரும்புக் கதவு சாத்துகிற சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டி, அதையே தாளமாக்கியிருந்தார்கள். அன்றைக்கு என் ஸ்டேஷன் போனது தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அந்தப் பெண்தான் என்னை உன்னுடைய கேரேஜுக்கு அழைத்து வந்தாள். உன் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டின் பின்னால், ஸ்கூட்டர் நிறுத்துகிற கேரேஜ். அவளையும் சேர்த்து நான்கு பேர் இருந்தீர்கள், நான் ஐந்தாவது. தமிழ் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டும். "ஆயியே அக்கா, நம்ம ஆளு!" என்று நீ எழுந்து நாற்காலி கொடுத்தாய். உன் அம்மா ஜன்னலிலிருந்து, "டேய், இது என்னடா, மிக்ஸி ரிப்பேர் பண்றீங்களா? சவுண்டைக் குறை!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. இந்த ஊரில் எனக்கென்று போவதற்கு வேறு இடம் எதுவும் இருக்கவில்லை.

நாம் செய்தது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பழைய தில்லி நடைபாதைச் சந்தைக்குப் போவோம். அங்கே பழைய போன், சார்ஜர், ரிமோட் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தட்டில் மெமரி கார்டுகள் குவிந்து கிடக்கும். 'சிப்' என்பார்கள். ஆளுக்கு ஒரு பிடி வாங்குவோம். உன் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுத் திறப்போம். யாருடையதோ கல்யாண பேண்டு, யாரோ ஒருவன் கடன்காரனிடம் கெஞ்சுவது, ஒரு கிழவரின் குறட்டை. பிடித்ததை எடுத்து, வெட்டி, மாற்றி, அடுத்த மாதம் போட்டுக் காட்டுவோம். அதற்குப் பிறகு கார்டை உடைப்போம். அது நம் விதி. கட்டிங் பிளேயரால் நடுவில் ஒரு நறுக்கு. காப்பி வைக்கக் கூடாது. உன் லேப்டாப்பில் இருப்பதை எங்கள் கண் முன்னால் நீ அழிப்பாய்.

"திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது அக்கா, அப்பதான் அதுக்கு வேல்யூ" என்பாய். முன்பின் தெரியாதவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதாகவும் நாம் பேசிக்கொண்டோம். அவர்கள் தொலைத்த போனிலிருந்து எடுத்த கார்டை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினோம். ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கார்டு என் பிடியில் வந்தது. நாற்பதுக்கு மேல் பதிவுகள். ஒரு சின்னப் பெண் போனிடம் தனியாகப் பேசிக்கொண்டே இருந்தாள். தமிழும் ஹிந்தியும் கலந்து. "தண்ணி லாரி வந்திருச்சு. நான் கேனை வெச்சிட்டேன். அந்தப் பையா என்னைத் தள்ளுறான்." பின்னால் லாரி மோட்டார் உறுமும். ஒன்றில் டீச்சர் மாதிரி யாரையோ மிரட்டினாள். ஒன்றில், "அம்மா, ஒடம்பு சுடுது. ஜல்தி வா."

மற்ற மூன்று பேரும் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். "பச்சி ஹை, சின்னப் பிள்ளை, மம்மியைக் கூப்பிட்டு விளையாடுறா" என்று நீ ஹிந்தியில் சொன்னாய். உனக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. நான் தலையாட்டினேன். ஜுரம் என்று சொன்னால் அந்த வங்காளிப் பெண், வேண்டாம், இதை விட்டுவிடுவோம் என்று சொல்லியிருப்பாள். அவ்வளவு நல்ல குரலை விட எனக்கு மனம் வரவில்லை.

நீ உன் பங்கில் வந்த கல்யாண பேண்டு கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாய். அடுத்த மாதம் போட்டுக் காட்டினாய். அவள் குரலைப் பாதி வேகத்துக்கு இறக்கியிருந்தாய். லாரி மோட்டாரை அடியில் போட்டிருந்தாய். தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி "ஜல்தி வா, ஜல்தி வா" என்று வந்துகொண்டே இருந்தது. "செம்ம" என்றேன். கார்டு என் பங்கில் வந்தது என்பதால் பிளேயரை என் கையில் கொடுத்தார்கள். நான்தான் நறுக்கினேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாம் இணையத்தில் ஏற்றிய அந்தப் பாட்டிலிருந்து ஒரு துண்டை யாரோ எடுத்து ரீல்ஸில் போட்டார்கள். மழை ஜன்னல், காப்பி, காதல் தோல்வி, பூனைக்குட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தக் குரல். நம் குழுவின் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வேலையிடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது கீழே தமிழில் ஒரு கமெண்ட். "இது எங்க அக்கா பொண்ணு பேசுறது. புள்ள செத்துப்போச்சு. தயவு செஞ்சு போன் பண்ணுங்க." நம்பரும் இருந்தது.

உன்னிடம் சொன்னேன். "ஃபேமஸ் ஆன உடனே இப்படி யாராவது வருவாங்க அக்கா. டிலீட் மாரோ" என்றாய். அழித்தேன். நம்பரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் போன் பண்ணவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

கடைசியில் பண்ணினேன். எடுத்தவர் தன் அக்காவிடம் போனைக் கொடுத்தார். அம்மாக்காரி கிட்வாய் நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் பார்க் பெஞ்சுக்கு வந்தாள். விழுப்புரம் பக்கம். என்னைவிடச் சின்னவள்.

"மேடம், நீங்கதான் பாட்டு போட்டதா?"

"நாங்க அஞ்சு பேர்."

"சண்டைக்கு வரல மேடம். போன் என்னுதுதான். நான் வேலைக்கு வந்துட்டா புள்ள தனியா இருக்கும்னு வீட்டுலயே வெச்சிட்டு வருவேன். அது எதையாச்சும் பேசிப் புடிச்சி வெச்சிக்கும். ராத்திரி எனக்குப் போட்டுக் காட்டும். ஏழு வயசு. டெங்கு. அப்புறம் நான் அந்தப் போனைக் கையிலயே வெச்சிக்கினு இருந்தேன். பஸ் ஸ்டாப்புல பைக்குல வந்தவன் புடுங்கிக்கினு போயிட்டான்."

ஜுரம் வந்த அன்றைக்கு அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாட்டை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பாட்டு இருந்துட்டுப் போவட்டும். மத்ததெல்லாம் குடுங்க. அது பேசுன மாதிரியே இருக்கறது. இந்தப் பாட்டுல இன்னாத்துக்கு இப்படி கொழகொழன்னு பேசுது? எம்புள்ள வெடுக்குனு பேசும் மேடம். இப்போ லைன் பூரா, பஸ்ஸு பூரா இதையே போடுதுங்க. கண்ண மூடுனா எனக்கு இந்தக் கொழகொழ கொரல்தான் வருது. அது கொரலு மறந்துரும்போல இருக்கு."

பிறகு, என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வரிசையாகச் சொன்னாள், ஒன்றும் விடவில்லை. லாரிக்கு முன்னால் வரிசையில் இருக்கிற கேன்களைப் பிள்ளை ஹிந்தியில் எண்ணும். பன்னிரண்டுக்கு அப்புறம் பதின்மூன்றை விட்டுவிட்டுப் பதினான்குக்குத் தாவும். "எத்தினி தபா சொல்லிக் குடுத்தாலும் பாராவுக்கு அப்புறம் சௌதாதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். உடனே சிரித்ததற்காகச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

கார்டை என் கையால் உடைத்ததை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் எழுந்து வர முடியவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு போனேன். பாட்டிலிருந்து குரலைப் பிரித்து, வேகத்தைத் திருப்பி ஏற்றி, எதிரொலியைக் குறைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஒரு பக்கம் சரி பண்ணினால் இன்னொரு பக்கம் மோட்டார் சத்தம் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள். கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"யாரோ பேசுறாங்க. இது அது இல்ல."

உனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை போன் பண்ணிக் கேட்டேன். "ரூல் இஸ் ரூல் அக்கா. உங்க முன்னாடிதான டிலீட் பண்ணேன்? நீங்கதான் கார்டையும் கட் பண்ணீங்க" என்றாய். நான் நம்பினேன். கார்டை வெட்டியவள் நான், உன்னை என்ன கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே பாட்டின் இரண்டாவது வடிவத்தை வெளியிட்டாய். நான் பெல்ட் பக்கத்தில் நின்று கேட்டேன். நான்காவது நிமிடத்தில் பின்னணி அடங்குகிறது. ஒரு குழந்தை எண்ணுகிறது. நௌ, தஸ், கியாரா, பாரா, சௌதா. வெடுக்கென்று, முழு வேகத்தில். முதல் பாட்டில் இந்த இடமே கிடையாது.

இரண்டாவது தடவை போன் பண்ணினேன். நீ சிரித்தாய்.

"அது ரியல் இல்ல அக்கா. பழைய ட்ராக்லேர்ந்து ஏஐயில ஜெனரேட் பண்ணது. நல்லா இருக்குல்ல?"

"பதின்மூணை விடச் சொல்லி மெஷினுக்கு யாருடா சொன்னது?"

"க்யா?"

"அந்தப் பிள்ளை எண்ணும்போது பதின்மூணை விட்டுடும். அவ அம்மா எங்கிட்ட சொன்னா. நீ போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொன்னா."

உன் அம்மா எதையோ பொரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, நீங்க ரொம்ப இமோஷனலா இருக்கீங்க. பாத் மே, அப்புறமா பேசலாம்" என்றாய். அதற்கப்புறம் என் போனை நீ எடுக்கவில்லை. பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றினாய். குழுவிலிருந்து என்னை நீக்கினாய். மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

நீ ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாய் என்பது எனக்குப் போன வாரம்தான் விளங்கியது. உன் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றேன். விளக்கை அணைத்துவிட்டு நீ பேசினாய். இந்தக் குரலின் மூலம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை, நீங்கள் கேட்கப் போவது மட்டும்தான் மிச்சம் என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் உன்னை வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். மூலம் உன் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பேச்சு செல்லாது. அதனால் ஒரு பெண் தன் பிள்ளையின் குரலை மறந்துபோனாலும் உனக்குப் பரவாயில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் அழுதாள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. புரிந்தும் தலையாட்டினேன், கமெண்டை அழித்தேன், கார்டை வெட்டினேன். இதையெல்லாம் என் பக்கத்தில் என் பெயரோடு எழுதிவிட்டேன், யாரும் போய்ப் பார்க்கலாம். அவளிடம் நேரில் சொல்லியும் ஆயிற்று. இனி உன் முறை.

அவள் போலீசுக்குப் போக மாட்டாள். போனால் எந்தக் குடிசைப் பஸ்தி, என்ன ஆதாரம் என்று அவளைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பாட்டில் பங்கும் கேட்கவில்லை. நாற்பத்துச் சொச்சம் பதிவுகளை ஒரு கார்டில் போட்டுக் கொடுத்தால் போதும் அவளுக்கு. உனக்கு அது பத்து நிமிட வேலை.

எனக்குப் போன் பண்ணாதே. ஆள் அனுப்பாதே. இமோஷனல் என்று சொல்லாதே. அந்தப் பாட்டைப் போட்டிருக்கிற அதே பக்கத்தில், இத்தனை பேர் கண்ணீர் விட்டு எழுதியிருக்கிற கமெண்டுகளுக்கு மேலே, ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ உனக்கு வருகிற ஏதோ ஒரு பாஷையில் பதில் எழுது. அந்தப் பிள்ளையின் வெட்டாத பதிவுகள் உன்னிடம் இருக்கின்றனவா, இல்லையா? இருந்தால் அவற்றை அவள் அம்மாவிடம் எந்தத் தேதியில் கொடுக்கப் போகிறாய்?