ஊசி போட்ட மறுநாள்

சனிக்கிழமை, காலை ஆறு மணி. திண்டுக்கல் பேருந்து நிலையம்.

ஒன்றரை வருடம் வீட்டுக்கும் என் தையல் கடைக்கும் நடுவே அடைந்து கிடந்தவள் நான். 2021 ஆவணிக் கடைசியில், கொடைக்கானல் ஏரியில் மறுபடி படகு விடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் கடைச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிவிட்டேன். இரண்டு ஊசியும் போட்டாயிற்று. சான்றிதழை லேமினேஷன் செய்து கைப்பைக்குள் வைத்திருந்தேன். எவன் கேட்டாலும் முகத்துக்கு நேரே நீட்டுவதற்குத் தயாராகத்தான் பஸ் ஏறினேன்.

வத்தலக்குண்டில் கேட்கவில்லை. மலையேறி முடித்ததும் செக்போஸ்டில் ஒருவர் பஸ்ஸுக்குள் தலையை நீட்டினார், எங்களைப் பார்த்தார், இறங்கிப் போனார். ஏரிப் பக்கத்து லாட்ஜில் நாள் வாடகை ஆயிரத்து ஐந்நூறு. அங்கே வாசலில் நின்ற பையன் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை என் மணிக்கட்டில் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே "நார்மல் மேடம்" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மதியம் ஏரியில் படகுக்கு நின்ற வரிசை தெருவரை வந்திருந்தது. மாஸ்க் எல்லாம் தாடையில். ஊரடங்கு முழுக்க மாஸ்க் தைத்தே வயிறு கழுவியவள் நான். என் கையால் தைத்தது எத்தனை பேர் தாடியை மூடிக்கொண்டிருக்கிறதோ என்று எரிச்சலாக வந்தது. படகு ஏறாமலே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அறைக்குச் சுடுதண்ணீர் வாளியோடு வந்தாள் செல்வி. லாட்ஜில் அறை கூட்டுகிறவள், நாற்பதுக்குள் இருக்கும்.

"அக்கா, நாளைக்கு நான் வர மாட்டேன், வேற ஆள் வரும். எங்கூர்ல ஊசி முகாமு, போட்டுக்க ஊருக்குப் போறேன்."

"ஏன், இங்கே ஆஸ்பத்திரி இல்லையா?"

"இருக்கு. காலைல டோக்கன் குடுக்குற நேரத்துலதான் எனக்கு இங்க சோலி. ஒருநா சொல்லாமப் போயி நின்னேன். எனக்கு முந்தி நின்ன ஆளோட மருந்து தீந்துபோச்சு. திங்கக்கெழம ஊசி போட்டுட்டு வந்தா வா, இல்லைன்னா வராதன்னுட்டாரு மேனேஜரு."

லாட்ஜ் மூடியிருந்த மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வேலையும் போனால் கேரட் பிடுங்கும் கூலிதான், அதுவும் எல்லா நாளும் கிடைக்காது என்றாள். அவள் ஊர் பூண்டியையும் தாண்டி, கிளாவரைப் பக்கம் ஒதுங்கிய ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பின்னால் வரப்போகும் நர்சம்மாவை யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

"பஸ் போகுதா?"

"மொத லாக்டவுன்ல நின்ன பஸ்ஸு. இப்ப மன்னவனூரோட திரும்பிருது. அதுக்கு மேல கலெக்‌ஷன் இல்லையாம். எங் கொழுந்தன் பிக்கப் ஓட்டுறான், அவங்கூடப் போயிருவேன்."

படகுக்கு ஆள் இருக்கிறதாம், பஸ்ஸுக்கு ஆள் இல்லையாம். நல்லா இருக்கு நியாயம். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"அங்க பாக்க என்னக்கா இருக்கு? கேரட்டு கெடக்கு, பூண்டு கெடக்கு. வாங்க."

ஞாயிறு, காலை ஆறரை.

கொழுந்தன் பெயர் முத்து. முப்பது வயது. மலைக் காய்கறியை வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுகளுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறவன். அந்த ஊரில் ஊசி முதலில் யாருக்குப் போட வேண்டும் என்றால் இவனுக்குத்தான் போட வேண்டும். மூஞ்சிக்கல்லில் வண்டியை நிறுத்தி, எண்ணூறு ரூபாய் கொடுத்து ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம கறி இல்லாம எப்பிடிங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பூம்பாறையில் படிப்படியாகப் பூண்டு வயல். மன்னவனூர் தாண்டியதும் ஆடு மேயும் புல்வெளி, அதன்மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சாலை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கொடைக்கானலிலிருந்து மொத்தம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போக இரண்டரை மணி நேரம் பிடித்தது. பிள்ளைத்தாய்ச்சியை இந்த ரோட்டில் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். "இந்த வண்டிலதான்" என்றாள் செல்வி.

பள்ளிக்கூட வாசலில் ஜீப் நின்றது. நர்சம்மா ஐஸ் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பெரும்பாலானோர் போன முகாமிலேயே போட்டுக்கொண்டார்கள், மிச்சம் பத்துப் பேர். ஒன்பது பேர் வந்து வரிசையில் நின்றார்கள். நர்சம்மா பெட்டியைத் திறக்கவே இல்லை.

"ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்து இருக்குக்கா. தொறந்தா நாலு மணி நேரத்துல முடிக்கணும். மிச்சத்தக் கொட்டுனா மீட்டிங்ல என்னைய எந்திரிக்க வச்சுக் கேப்பாங்க. பத்தாவது ஆள் வரட்டும்."

"வரலைன்னா?"

"பெட்டிய மூடிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்."

ஒன்பது கை நீட்டி நிற்கிறது, பத்தாவது இல்லை என்று மருந்து திரும்பிப் போகுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். "எனக்கு மூணாவதாப் போட்டுக் கணக்கை முடிங்க" என்று கையை நீட்டினேன். நர்சம்மா சிரித்துவிட்டார். "உங்க ஆதாரை ஏத்துனா கம்ப்யூட்டர் என்னையத் திட்டும்க்கா."

பத்தாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? நானும் செல்வியும் போய்ப் பார்த்தால், முத்து வீட்டில் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அகப்பையோடு நின்றான்.

"ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கறி, சரக்கு ரெண்டும் ஆகாதாம். ஞாயித்துக்கெழமயாப் பாத்து வந்தா நான் என்ன செய்ய? வெள்ளிக்கெழம வரச் சொல்லுங்க."

அவனை நாலு வார்த்தை திட்டினேன். ஆனால் அவன்மேல் மட்டும் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? வாரம் முழுக்க உழைக்கிறவன் ஒரே ஒரு நாள் கறி தின்னும் நாளாகப் பார்த்து முகாமை வைத்தவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானோ! அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

செல்வி திட்டவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையிலும் சுற்றினாள், கொதிக்கிற சட்டியை அப்படியே இறக்கித் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள்.

"மதினி! மதினி, இன்னும் உப்பே பாக்கல!"

அவள் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நர்சம்மாவின் மேசைக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். பின்னாலேயே அகப்பையோடு வந்த முத்துவைப் பார்த்து ஊரே சிரித்தது.

"கறிய வேண்டாம்னு எவன்பா சொன்னது? நல்லாத் தின்னு, தெம்பு வேணும். சரக்கத்தான் தொடாத" என்றார் நர்சம்மா.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாங்க?" என்று முத்து சட்டையைச் சுருட்டினான். பாட்டில் திறந்தது. முதல் கை செல்வியுடையது.

திங்கள்.

ராத்திரியே செல்விக்குக் காய்ச்சல். நர்சம்மா முன்கூட்டியே சொல்லி மாத்திரையும் கொடுத்திருந்தார். வெள்ளனே கேரட் மூட்டைகளோடு கிளம்பினோம். பூம்பாறை வந்து சிக்னல் கிடைத்ததும் அவள் போனில் ஊசி போட்ட செய்தி வந்து விழுந்தது. படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு லாட்ஜ் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் அதே பையன். என் மணிக்கட்டில் காட்டினான், "நார்மல் மேடம்." செல்விக்கு நெற்றியில் வைத்தான். இந்தத் தடவை படித்தான். நூறு புள்ளி நாலு. இரண்டு அடி பின்னால் போய் "சார்!" என்று கத்தினான்.

மேனேஜர் வந்தார். செல்வி போனை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"காய்ச்சலோட உள்ள விட முடியாதும்மா. டெஸ்ட் எடுத்து ரிசல்ட் கொண்டா. அதுவரைக்கும் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"சார், நீங்க போடச் சொன்ன ஊசிதான் சார் காயுது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ! கைப்பையிலிருந்து லேமினேஷனை எடுத்து வாசலை ஒட்டியிருந்த அவர் மேசையில் அறைந்தேன். "இதை என்கிட்ட கேட்டீங்களா? உங்க மெத்தையில படுத்தேன், உங்க தட்டுல சாப்பிட்டேன். இதோ ரூமுக்கு வரிசையில நிக்கிற இத்தனை குடும்பத்துல ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

"நீங்க கெஸ்ட் மேடம்" என்றார் மரியாதையாக.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் அடுத்த வசவுக்கு வாயைத் திறப்பதற்குள் செல்வி என் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை சுட்டது.

"அக்கா, நீங்க சத்தம் போட்டுட்டு மலையிறங்கிருவீங்க. நாளைக்கு இதே வாசல்ல நான்ல நிக்கணும்? எனக்கு நல்லது செய்யணும்னா சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். எதிர்க்கடையில் டீ வாங்கி மாத்திரையை முழுங்கினாள். முக்கால் மணி நேரம் போல உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து கடைக்குப் பின்னால் குழாயைத் திறந்து, அந்தக் கொடைக்கானல் தண்ணீரை நெற்றியில் அள்ளி அள்ளி அடித்தாள். பல் கிட்டித்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். பையன் துப்பாக்கியை வைத்தான். தொண்ணூற்றாறு. மேனேஜர் எட்டிப் பார்த்தார். கூட்ட வேண்டிய அறைகள் அப்படியே கிடந்தன. சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார்.

ஊசி போட்ட கையால் எடுக்கப் போனவள் முகத்தைச் சுளித்து, மறு கையால் எடுத்துக்கொண்டாள். முதலில் என் அறைக்குத்தான் போனாள். நான் பையை எடுக்கும்போது ஒற்றைக் கையால் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். மறு முனையைப் பிடிக்கப் போனேன். "விடுங்கக்கா, பாத்தா வைவாரு. வெரசா கெளம்புங்க, பஸ்ஸு போயிரும்."

பஸ் மலையிறங்கும்போது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். எனக்கு ஊசி போட்ட இடம் தெருமுனைப் பள்ளிக்கூடம். பிளாஸ்டிக் நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள் என்று அங்கே சண்டை பிடித்தவள் நான். மறுநாள் காய்ச்சல். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் வந்தது. அதே மருந்து, அதே காய்ச்சல்தான் இவளுக்கும்.

வத்தலக்குண்டு நெருங்கும்போது போன் கிணுகிணுத்தது. லாட்ஜிலிருந்து செய்தி. தங்கியதற்கு நன்றியாம். அறை சுத்தமாக இருந்ததா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்களாம்.

நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். அனுப்பப் போன விரல் நின்றது. அறை எண் அதிலேயே இருந்தது. அந்த அறையைக் கூட்டியவள் யார் என்று மேனேஜருக்குத் தெரியும். எழுதியதை எல்லாம் அழித்தேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகக் குத்தினேன். என்ன அழுத்து அழுத்துகிறீர்கள், போன் உடைந்துவிடும் என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.