எலியைக் கடித்த பாம்பு

தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த விலங்கியல் பேராசிரியர் ஆராய்ச்சிக்காக ஒரு சாரைப்பாம்பைப் பெட்டியில் வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. பெட்டியைத் திறக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி முகர்ந்து பார்ப்பார். "பாம்பு நாக்காலதாங்க வாசனை புடிக்கும். எலி வாசனை இருந்தா கையும் அதுக்கு எலிதான்" என்பார்.

ஒருநாள் என்னைக் கை கழுவவைத்துப் பாம்பைத் தொடச் சொன்னார். அது நாக்கால் என் விரலைத் தடவிவிட்டு நகர்ந்தது. பெருமையோடு அவரும் கையை நீட்டினார். கடித்துவிட்டது. பாம்புக்கு இரையாக வைத்திருந்த எலிகளின் கூண்டைத் தூக்கிய கையைக் கழுவ மறந்திருந்தார்.

"வெஷம் இல்லீங்க. அது என்னக் கடிக்கல, எலியத்தான் கடிச்சுது" என்றார். ரத்தம் நின்றதும் கழுவி, முகர்ந்து, அதே கையை மறுபடி உள்ளே விட்டார். பாம்பு தொட்டுப் பார்த்துவிட்டு விலகியது.

கடிபட்டவரே பாம்புக்கு வக்காலத்து வாங்கி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.