நான் போட்டுக்கொள்ளாத காப்பர்-டி

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "காப்பர்-டி இருக்கே, எப்பம்மா போட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாருடைய சீட்டையோ பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். "பிள்ளை வேணும்னு வந்திருக்கேன் டாக்டர், வேண்டாம்னு வரலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, அதன் தலையில் குறுக்கே இன்னொரு கோடு. சந்தேகத்துக்கே இடமில்லை.

காப்பர்-டி (கருத்தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சிறு கருவி) என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை நான். என் நாத்தனார் போட்டிருக்கிறாள், நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் நான் போடவில்லையே! எனக்குத் தெரியாமல் எனக்குள் எப்படி வரும்? கட்டிலை விட்டு இறங்கினேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. வீடு மேலகரத்தில், வேலை தென்காசியில் ஒரு இ-சேவை மையத்தில். ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவள். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்பு எங்களுக்கு ஒரு பையன் சிசேரியனில் பிறந்தான். பிறந்ததுமே மூச்சுத் திணறல். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், நான் வேறு வார்டில் கிடந்தேன். ஒரே ஒரு முறை, தூரத்தில் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் போய்விட்டான். அவர் எல்லையில் இருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

போன பிள்ளையின் பொருள் வீட்டில் கிடந்தால் அடுத்தது தங்காது என்று அம்மா சொன்னாள். சட்டை, துண்டு, பவுடர் டப்பா, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் ஒரு பழைய சேலையில் முடிந்து சிற்றாற்றில் விட்டாள். அந்த ஃபைலுக்குள் என்னுடைய டிஸ்சார்ஜ் தாளும் போயிற்று. பிறகு அவன் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் "இல்லை" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சிசேரியன் புண் ஆற ஒரு வருஷம் பொறுத்தோம். அப்புறம் அவருடைய லீவுதான் எங்களுக்குக் காலண்டர். ஒரு லீவு போயிற்று. அடுத்த லீவுக்குச் சத்து மாத்திரை. அதற்கடுத்ததற்கு, செங்கோட்டையில் ரயில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போய் லேகியம் வாங்கித் தின்றேன். மாதவிடாய் எட்டு நாள், ஒன்பது நாள் கட்டி கட்டியாகப் போகும், இடுப்பு விட்டுப்போகும். துக்கத்தில் உடம்பு கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஸ்கேன் எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். குளிக்கும்போது என் வயிற்றை நானே திட்டுவேன். "எல்லாருக்கும் ஆகுது, ஒனக்கு என்ன கேடு?"

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தை, அதாவது என் மாமியார், கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "ஒனக்குத் தெரியாம ஒன் வயித்துக்குள்ள எப்பிடிட்டி போவும்? கள்ளன் வந்து வச்சுட்டுப் போனானா?"

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "இசக்கி, நான் கோவப்பட மாட்டேன். இன்னொரு பிள்ளை போயிரும்னு பயந்து நீயே போட்டுக்கிட்டியா?"

மூன்று லீவும் லேகியமும் ரயிலும் நான் ஆடிய நாடகம் என்று நினைக்கிறார்! "நான் போடலை" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. இரண்டு நாள் அவர் என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசினார்.

மறுபடி போனபோது டாக்டர் விளக்கமாகச் சொன்னார். காப்பர்-டியின் நூல் வெளியே தெரியவில்லை, சிசேரியனின்போதே வைத்தால் சிலருக்கு அப்படி ஆவதுண்டு, ஆனால் எப்போது வைத்தது என்று பழைய தாள் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முனை கருப்பைச் சுவரில் புதைந்திருக்கிறது. ஹிஸ்டரோஸ்கோபி (கருப்பை வாய் வழியே மெல்லிய கேமரா குழாயைச் செலுத்துவது) செய்து எடுக்க வேண்டும். பகல்நேர அறுவைச் சிகிச்சைதான், காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

"எடுத்தா மறுபடி உண்டாகுமா டாக்டர்?"

"பொதுவா ஆகும். சுவர் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு உள்ள போய்ப் பார்த்தாதான் சொல்ல முடியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாசம், ஒரு புதன்கிழமை. வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குற்றாலத்தில் சீசன் நேரம். கார் வரிசையில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று சாரலோடு சாரலாக ஆறு மணிக்கே கிளம்பினோம். அத்தை வர மாட்டேன் என்றுவிட்டார். அம்மா வடகரையில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். ஸ்கேன் விஷயத்தைப் போனில் சொன்னபோது "சரிட்டி, சரிட்டி" என்றாளே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசி ஏற்றி, என்னை உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒப்புதல் படிவம் கொண்டுவந்தாள். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "கூட இருக்கவங்க ஒருத்தர் போடணும்" என்று அவள் பேனாவை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா இரண்டடி பின்னால் போனாள். "நான் போட மாட்டேன்."

"சும்மா ஃபார்மாலிட்டிதான் ஆச்சி."

"அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னாவ! நான் போட மாட்டேன்!"

மருந்து வாங்கிவிட்டு வீட்டுக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒன்னிய உள்ள கொண்டுபோன நேரம் பத்து தாளுல கையெழுத்து வாங்குனாவ. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேணும், மூணு வருசத்துக்கு ஒண்ணு வைக்கோம்னு நர்சம்மா சொன்னா. நல்லதுதானன்னு போட்டேன். மூணாம் நாளு புள்ள போயிட்டான். இனி மூணு வருசத்துக்கு ஒனக்குப் புள்ள கெடையாதுன்னு எந்த வாயாலட்டி சொல்லுவேன்? தையலு தானா கரைஞ்சிரும்னு சொன்னாள்லா, அதே மாரி இதும் வருசம் முடிஞ்சா கரைஞ்சிரும்னு இருந்துட்டேன்."

ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள "குளிச்சிட்டியா?" என்று போனில் கேட்டவள். லேகியத்துக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள். தெரிந்தே! அவர்தான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். என் பாதத்தை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு கேட்கிறார் என்று புரிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டார்கள்.

மயக்க மருந்து ஏறும்போது பத்தில் இருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார்கள். ஏழுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, அடிவயிற்றில் மாதவிடாய் வலி மாதிரி ஒரு வலி, அவ்வளவுதான். டாக்டர் ஒரு சிறிய கிண்ணத்தைக் காட்டினார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது.

"முழுசா வந்துருச்சு. சுவர்ல சின்னக் காயம்தான், ஆறிடும். அடுத்த மாதவிடாய் வரைக்கும் பொறுங்க."

வீட்டுக்காரரின் லீவில் இருபது நாள்தான் மிச்சம் இருந்தது. ஆக, அந்த லீவும் போயிற்று. அழ வேண்டிய செய்தி. ஆனால் நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுக்கா? இதற்கா நான் நாலு வருஷமாக என் உடம்பைத் திட்டினேன்?

இதே நிலையில் இருக்கிறவர்கள் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். காப்பர்-டி மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டு, தெரிந்து போட்டுக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல சாதனம். ஆனால் அது கரையாது. எடுத்தால்தான் போகும். பிரசவம் முடிந்ததும் என்ன வைத்தீர்கள், என்ன எடுத்தீர்கள் என்று உங்கள் வாயால் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளை நீங்களே படியுங்கள், படிக்க வராவிட்டால் நாலு பேரிடம் காட்டுங்கள். ஊர்ப்பட்ட தாளைப் படிக்கிற நான் என் தாளைப் படிக்கவில்லை.

அவர் பணிக்குத் திரும்பிவிட்டார். அத்தை ஒருநாள் எனக்குக் காபி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு. அடுத்த மாதவிடாய் நாலே நாளில் நின்றது. ஐந்தாம் நாள் காலை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நோயாளி உடம்பு என்று நான் நினைத்தது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது அதைத் திட்டுவதில்லை. லீவை வைத்து நாளை எண்ணுவதையும் விட்டுவிட்டேன். நாள் பாட்டுக்கு வருகிறது, போகிறது. இன்னும் உண்டாகவில்லை. ஆகும், ஆகாமலும் போகலாம்.

அம்மாவோடு மட்டும் நான் பேசவில்லை. போன் வந்தால் எடுக்க மாட்டேன். ஐப்பசியில் மறுபரிசோதனைக்குப் போனபோது யார் சொன்னார்களோ, வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். "எத்தனை பிள்ளைங்க?"

பழக்கத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "ஒரு பையன். மூணு நாளு இருந்தான். தல நெறைய முடி. காதுல ஒரு மச்சம் உண்டும்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

"எந்தக் காதும்மா?" என்று கேட்டேன். ஆடிக்குப் பிறகு நான் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.