வலி போன பிறகு

கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்த வருடங்கள் எனக்கு உண்டு. கண்டியில் ஆபரேஷன் செய்தார்கள். கல்லை எடுத்துவிட்டு, கணையத்தைப் பிளந்து குடலோடு சேர்த்துத் தைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். வலி அடங்கும், ஆனால் நல்ல பாகம் கொஞ்சம்தான் மிச்சம், சீனி வருத்தம் வரலாம் என்றும் சொன்னார்.

வலி அடங்கியது. மல்லாந்து படுக்க முடிந்தது. சோற்றோடு செரிமான மாத்திரையும் விழுங்கப் பழகினேன். ஒரு வருடத்துக்குள் சீனியும் வந்தது. இன்சுலின் ஊசி தொடங்கியது. மறுபடி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன்.

அன்று காலை ஊசி போட்டாகிவிட்டது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமானதால் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். மலையில் பனிமூட்டம் இறங்கியது. விரல்கள் நடுங்கின, அந்தக் குளிரிலும் வியர்த்தது. வலி இல்லாததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

கண் தெளிந்தபோது தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் உட்கார்ந்திருந்தேன். வாயெல்லாம் இனிப்பு. அடுத்த நிரையில் பறிக்கும் பெண் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நிரையை விட்டு விலகி, மேலே கற்பாறை விளிம்பை நோக்கி நடந்தேனாம். அவள் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கும் சீனி வருத்தம். தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனியை என் வாயில் போட்டிருக்கிறாள்.

"என்னையப் பாத்து, நீ யாருனு கேட்டீங்கக்கா" என்றாள். அவளும் நானும் பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நிரை.

கிளினிக்கில் ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார்கள். கணையம் கெட்டவர்களுக்குச் சீனி சொல்லாமல் இறங்கும், தனியாக இருக்க வேண்டாம் என்றார்கள். வேலையை விடச் சொன்னார் கணவர். நான் சம்மதிக்கவில்லை. அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சாப்பிடுவதை மட்டும் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்.

நான் குளிக்கும்போது மகள் வெளியே நிற்கிறாள்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

போன வாரமும் கூப்பிட்டாள். தெளிவாகக் கேட்டது. சொல்ல வேண்டியதும் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. தோளால் கதவை இடித்துத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் கணவர் அந்தக் கதவைச் சரிசெய்தார். தாழ்ப்பாளை மட்டும் திரும்பப் பொருத்தவில்லை.