மனுவில் ஊற்ற முடியாத மருந்து

திருவள்ளூர் கஜானாவில் பென்ஷனுக்காக உட்கார்ந்திருந்தபோது இருமினேன். கைக்குட்டையில் சிவப்பு. முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சிவப்பு மை என்றே நினைத்தேன். பையில் மைப்புட்டி இல்லை.

அவ்வூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்றார். “காசநோய் சானடோரியத்தில் படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். பொன்னேரிப் பக்கம் உங்கள் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கிறது. ஊசி, மருந்து எல்லாம் இலவசம்” என்று கடிதமும் கொடுத்தார்.

இலவசம் கூலிக்காரர்களுக்கு என்று முடிவுசெய்து, சானடோரியத்துக்கு மூன்று நகல்களுடன் மனு அனுப்பினேன். ஆறு வாரம் பதில் இல்லை. எடை மட்டும் தவறாமல் குறைந்தது.

“மனு மேல போய் வர்றதுக்குள்ள நீங்க மேல போயிடுவீங்க” என்றாள் மனைவி.

மறுநாள் சுகாதார நிலையம் போனேன். கையில் டாக்டர் கடிதம், வயதுச் சான்று, பென்ஷன்காரருக்கும் இலவசம் உண்டா என்று கேட்டு ஒரு மனு. கம்பவுண்டர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“பாட்டில் எங்க நைனா?”

“எந்தப் பாட்டில்?”

“இருமல் மருந்துக்கு. அல்லாரும் ஊட்லேந்து எடுத்தாறாங்க. மனுவுல ஊத்த முடியாது.”

வரிசை சிரித்தது. நாற்று நடும் பெண்கள் அனைவரும் அறிந்த விதி, விதிகளிலேயே காலம் தள்ளியவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் நின்றவள் ஒரு பாட்டிலை நீட்டினாள். “என்கிட்ட ரெண்டு கீது, வெச்சுக்குங்க சார். எங்க ஊட்டுக்காரரு இருமல் நின்னதும் ஊசியை உட்டுட்டாரு. இப்ப படுத்துக்கினு கீறாரு. நீங்க உட்டுறாதீங்க.”

எனக்கும் இரண்டாம் மாதம் இருமல் நின்றது. ஸ்ட்ரெப்டோமைசின் (காசக்கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) காதில் ஓயாத ரீங்காரம் எழுப்பியது. நிறுத்த நல்ல சாக்கு. ஆனால் அவள் சொன்னது ரீங்காரத்தை மீறிக் கேட்டது. நிலைய டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்தார். மழையிலும் ஓர் ஊசி நாள் தவறவில்லை. இதைப் படிப்பவருக்கும் அதுதான்: எப்போது நிறுத்துவதென்று டாக்டர் சொல்லட்டும், இருமல் சொல்ல வேண்டாம்.

ஓராண்டில் கோழையில் கிருமி இல்லையென்று ஆனது. அந்த வாரமே சானடோரியத்திலிருந்து கடிதம்: படுக்கை தயார். வேறொருவருக்குக் கொடுக்கும்படி ஒரே வரியில், நகலின்றிப் பதில் எழுதினேன்.

இடது நுரையீரல் இப்போது முழுதாக விரிவதில்லை. நீண்ட வாக்கியம் பேச முடியாது; என் பழைய மேலதிகாரிகள் கேட்டால் மகிழ்வார்கள். வருடக் கணக்கில் யோசித்தவன், பாட்டிலில் ஒட்டிய, வேளைக்கொரு வெட்டுள்ள அளவுக் காகிதத்தைப் பார்த்து வேளைக் கணக்கில் வாழப் பழகிவிட்டேன்.

ஊசி எனக்கு முடிந்தது. ஊசி நாள் முடியவில்லை. பாட்டில் கொடுத்த பெண்ணின் கணவர் ஏழுமலையை, மறுபடி ஆரம்பித்த ஊசிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். பாதி வழியில், மதகுச் சுவரில், இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறோம். அவர் மடியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுகிறேன்.