இடைவேளையில் வந்தவர்

எங்கள் வீட்டு நடையில் ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்குகிறது. சுரங்கத்தில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட். மஞ்சள் என்று இப்போது சொல்ல முடியாது, பழுப்பேறிவிட்டது. உள்ளே தலையைச் சுற்றி வருகிற பட்டையில் ஒரு சினிமா சீட்டு செருகியிருக்கும். பாதிச் சீட்டு. வாசலில் நிற்பவர் கிழித்துவிட்டுக் கையில் கொடுக்கிற பாதி. எழுத்தெல்லாம் போய்விட்டது. எந்தப் படம், என்ன தேதி, ஒன்றும் தெரியாது. ஒட்டடை அடிக்கும்போது என் மனைவி ஹெல்மெட்டைத் துடைப்பாள், சீட்டை மட்டும் தொட மாட்டாள். ஹெல்மெட்டும் என்னுடையதல்ல, சீட்டும் என்னுடையதல்ல. இரண்டும் வெல்டர் அண்ணனுடையவை. அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். பேச்சும் எனக்கு அதிகம் வராது. என் மனைவி இன்றைக்கு என்னோடு இருப்பதற்கு அவர்தான் காரணம். இது அவருக்கே தெரியாது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. மண்ணை ஏற்றிக்கொண்டு போகிற பெல்ட் மைல் கணக்கில் ஓடும். அது ஓட ஓடக் கீழே மண் சிந்தும். சிந்தின மண்ணை அள்ளித் திரும்பப் பெல்ட்டில் போடுவது எங்கள் வேலை. பன்னிரண்டு பேர். பெல்ட்டின் கீழே இருக்கிற இரும்புச் சட்டம் விட்டுப்போனால் ஒட்டவைக்க வருவார் வெல்டர் அண்ணன். அவரும் காண்ட்ராக்ட்தான். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கழுத்தில் சிலுவை, சட்டையெல்லாம் பொறி பட்டு ஓட்டை. காலை ஒன்பதரைக்கு ஷெட்டில் உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறப்போம். அவர் அடுத்தவன் குழம்பில் கை வைத்துக்கொண்டே பார்த்த படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். பேய்ப் படம்தான் அவருக்குப் பிடிக்கும். ஆனால் அவர் மாதிரி மோசமாகக் கதை சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பேய் யார், எப்படிச் செத்தது, யார் கொன்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

“யோவ் வெல்டரு, சஸ்பென்ஸ ஒடச்சிட்டியே. இன்னும் என்னாத்துக்கு நாங்க கேட்டுகினு உக்காரணும்?” என்று கத்துவார்கள்.

“நான் பாத்த மாதிரிதான்டா சொல்ல முடியும்” என்பார்.

அது நிஜம். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். பஸ் பிடித்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு அவர் தியேட்டருக்குப் போய்ச் சேரும்போது மேட்னியில் இடைவேளை விட்டிருப்பார்கள். சாயங்கால ஆட்டத்தை முழுசாகப் பார்க்கவும் முடியாது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். அதனால் மேட்னியின் பின்பாதியைப் பார்ப்பார். படம் முடிந்து எல்லோரும் வெளியே போனாலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். தியேட்டர் கேட்டையும் உடைந்த நாற்காலிக் கால்களையும் ஒட்டிக் கொடுத்தவர் அவர், அதனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாயங்கால ஆட்டத்தின் முன்பாதியைப் பார்த்துவிட்டு இடைவேளையில் எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். பல வருசம் இப்படியேதான். அவர் பார்த்த படமெல்லாம் இடைவேளையில் ஆரம்பித்து இடைவேளையில் முடிந்த படங்கள்.

பேய்ப் படம் எல்லாமே ஒரே மாதிரி கட்டினதுதான். ஒரு குடும்பம் புது வீட்டுக்கு வரும். கதவு தானாகச் சாத்தும், விளக்கு அணையும், யாரோ நடக்கிற சத்தம் கேட்கும். முன்பாதி முழுக்க நாம் பயப்பட வேண்டும். இடைவேளையில் பேய் முகத்தைக் காட்டும். பின்பாதியில்தான் அதுவும் ஒரு காலத்தில் மனுசி, அதற்கு ஒரு அநியாயம் நடந்தது என்று தெரியவரும். பயந்ததெல்லாம் போய் நமக்குப் பாவமாக இருக்கும். அண்ணனுக்கு இது தலைகீழ். அநியாயத்தை முதலில் பார்த்துவிடுவார். அப்புறம்தான் கதவு சாத்துவதும் விளக்கு அணைவதும். தியேட்டரே அலறும்போது அவர் மட்டும் உச்சுக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

நான் சொல்ல வந்த வாரத்தில் என் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாசம். பெண்ணுக்கு ஊர் திருவதிகை. நல்ல பெண். அதிகம் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன், அதனால் குறை தெரியவில்லை. சுரங்கத்தில் சில நாள் மதியத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும், பிறகு தரை ஒரு தரம் அதிரும். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அதிர்ந்தால் ஓட்டுச் சந்திலிருந்து மண் உதிரும். எங்களுக்கு அது பழகிப்போனது. அவள் மட்டும் மண் உதிர்ந்ததும் எழுந்து பின்பக்கம் ஓடுவாள். ஓடிப்போய்த் தரையைக் கையால் தோண்டுவாள். நகம் பிய்ந்து ரத்தம் வரும், நிறுத்த மாட்டாள். கூப்பிட்டால் காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து பாத்திரம் தேய்ப்பாள். கேட்டால் பதில் வராது. லீவில் இருந்தபோது நானே இரண்டு தரம் பார்த்தேன். இரண்டு தரமும் கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். என் அம்மா ஒரு பூசாரியிடம் பேசி வந்தாள். வருகிற அமாவாசைக்குக் கூட்டிப்போவது. வேப்பிலையில் ஆரம்பித்துப் பிரம்பில் முடிக்கிற ஆள் அவர். அதிலும் சரியாகவில்லை என்றால் திருவதிகையில் கொண்டுபோய் விட்டுவிடுவது. “பைத்தியத்த நம்ம தலையில கட்டிட்டாங்கடா” என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஷெட்டில் அண்ணன் ஒரு படம் சொன்னார். வழக்கம்போலப் பின்பாதியிலிருந்து. ஒரு பெரிய பங்களா. சமையல்காரம்மா மேல் திருட்டுப் பழி போட்டு ஸ்டோர் ரூமில் பூட்டிவைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கதவைத் தட்டியே அந்த அம்மா சாகிறாள். இதைச் சொல்லிவிட்டு முன்பாதிக்கு வந்தார். பல வருசம் கழித்து அந்த பங்களாவுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. தினமும் மதியத்தில் வீட்டிலிருக்கிற குழாய் எல்லாம் தானாகத் திறந்துகொள்கிறது. ஒரு பெண்பிள்ளை அலறி மயங்கி விழுகிறாள். மந்திரவாதி வருகிறான், பிளம்பர் வருகிறான், குழாய்க்குத் தகடு கட்டுகிறார்கள். தியேட்டரில் பின்வரிசையில் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டதாம்.

“நீ என்னாண்ணா பண்ண?” என்று ஒருவன் கேட்டான்.

“நான் என்னா பண்றது? குடிக்கட்டும் வுடுங்கடான்னேன். முன்சீட்டுக்காரன் திரும்பி மொறைக்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். “பேய்க்கே வக்கீலு வெச்ச ஆளுய்யா நீ” என்றான் இன்னொருவன்.

அண்ணன் சிரிக்கவில்லை. என் டிபன் பாக்சிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார். “கொழாய மூட ஓடறானுங்க, மந்திரம் போட ஓடறானுங்க. வூடு முழுக்க ஆளு. ஒருத்தனாச்சும் ஒரு சொம்பு தண்ணி மொண்டு வெச்சானாடா? வெச்சிருந்தா படம் பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். கருவாட்டில் உப்பு அதிகம் என்று வேறு குறை சொன்னார். நான் டிபன் பாக்சை மூடிவைத்தேன். நான் கையைப் பிடித்து இழுத்ததும் கதவைச் சாத்தினதும் நினைவுக்கு வந்தது. அவள் எதைத் தோண்டுகிறாள் என்று நான் ஒரு தரமும் கேட்டதில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். அது திட்டுகிற மாதிரியான கேள்வி.

அதற்கடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். அன்றைக்கு வெடி வைப்பார்களா என்று தெரியாது. சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மதியம் சங்கு ஊதியது. அதிர்ந்தது. ஓட்டிலிருந்து பொடிமண் சரசரவென்று உதிர்ந்தது. அவள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கையைப் பிடிக்கவில்லை. அவள் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே குந்தினேன். அவள் அள்ளிப்போட்ட மண்ணை ஓரமாக ஒதுக்கினேன். அப்புறம், “உள்ள என்னா இருக்குது?” என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னாள். “எங்கப்பா.”

 மண் அள்ளுகிறவனுக்கு அடுத்து என்ன வாயில் வருமோ அதுதான் வந்தது. “எவ்ளோ ஆழம்?”

அவள் கை நின்றது. ஏழு மாசத்தில் முதல் தரமாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். “இருவது அடி இருக்கும்” என்றாள்.

“அப்போ கையால ஆவாது” என்றேன். எழுந்து போய் மண்வெட்டியை எடுத்து வந்து வெட்ட ஆரம்பித்தேன். அம்மா பின்வாசலில் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, இவனுக்கும் புடிச்சிக்கிச்சே!” நான் நிறுத்தவில்லை. இடுப்பளவு வெட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. அவள் கரையில் உட்கார்ந்து குழியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல். திடீரென்று கத்தினாள். “மண்ணு உதிருது. மேல வாங்க.”

உதிர்ந்தது என்னமோ ஒரு பிடி மண். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஒரே தாவில் மேலே வந்தேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்தன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் சொன்னாள். அவள் அப்பா கிணறு வெட்டுகிறவர். அந்தப் பக்கத்துச் செம்மண் பொலபொலவென்று இருக்கும். இவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கரையில் உட்கார்ந்து ஓரத்தைப் பார்ப்பது இவள் வேலை. மண் உதிர்ந்தால் குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு உதிர்ந்தது. கொடுத்தாள். அவர் கீழிருந்து, “இன்னும் ரெண்டு கூடை பாப்பா, வந்துடறேன்” என்றார். ஒரு கூடை மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. கூடை இழுத்தவர் ஊருக்குள் ஓடி ஆள் கூட்டிவருகிறவரை இவள் கையால் தோண்டியிருக்கிறாள். ஊரில், பெண் சரியாகப் பார்க்கவில்லை, விளையாடிக்கொண்டிருந்தது என்று பேசினார்கள். அந்தப் பேச்சு இருந்தால் கல்யாணமாகாது என்று, அவள் வீட்டில் அப்பா காய்ச்சலில் போனதாக எங்களிடம் சொல்லி, இவள் வாயையும் அடைத்துவிட்டார்கள்.

அம்மா எல்லாவற்றையும் நின்று கேட்டாள். உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஷெட்டில் பேசின கதையை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. “குடி மொதல்ல. அப்புறம் கைய காட்டு” என்றாள். மிச்சத் தண்ணீரை விட்டு நகங்களைக் கழுவினாள். அமாவாசை வந்தது, போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு சங்கு ஊதினால் அம்மா அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் போய் நிற்பாள். வெடித்து முடிந்ததும் இருவரும் உள்ளே வருவார்கள்.

ஓட்டுக்குக் கீழே தார்ப்பாய் கட்ட வேண்டும், ஒரு சட்டம் வேண்டும் என்று வெல்டர் அண்ணனிடம் கேட்டேன். துண்டு இரும்பில் அடித்துக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். “எதுக்குப்பா, ஒழுவுதா?” என்றார். ஆமாம் என்றேன். என் மனைவி காபி கொடுத்தாள். “சக்கரை தூக்கலா இருக்குதும்மா” என்று அங்கேயும் ஒரு குறை சொன்னார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அடுத்த வருசம் காண்ட்ராக்ட் மாறியது. வடக்கே ஏதோ ஒரு பவர் பிளான்ட் வேலைக்குப் போகிறேன் என்றார். போகிற அன்று ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்துவிட்டு, “அங்க புதுசு குடுப்பாங்க” என்றார். பஸ் போன பிறகுதான் உள்ளே சீட்டு இருப்பதைப் பார்த்தேன். ஒரு வருசம்வரை போன் வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் போல யாராவது நடந்தால் இப்போதும் நின்று பார்க்கிறேன்.

போன ஞாயிறு மதியம் என் மகள் செல்போனில் ஒரு பேய்ப் படம் போட்டாள். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். அண்ணன் படம் பார்க்கிற விதத்தை என் மனைவியிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். பெயர் போட்டு முடிக்கவில்லை, என் மனைவி விரலை வைத்துப் படத்தைப் பாதிக்குத் தள்ளினாள்.

“எம்மா, எப்பப் பாத்தாலும் இப்டியே பண்ற. மொதல்லேருந்து பாத்தாதான பயமா இருக்கும்?”

“அதுக்கு என்னா ஆச்சுன்னு மொதல்ல பாத்துக்கலாம்டி. அப்புறம் பயந்துக்கோ.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் என் மனைவி கதையைப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். அண்ணன் சொல்லியிருந்தால் கிணற்றில் ஆரம்பித்திருப்பார். தலைக்கு மேல் தார்ப்பாய் இப்போது இல்லை, இது கான்கிரீட் வீடு. அந்தச் சட்டத்தில் துணி காய்கிறது. ஆணியில் ஹெல்மெட் இருக்கிறது. உள்ளே பாதிச் சீட்டு. பின்பாதி பார்த்துவிட்டு, முன்பாதிக்கு நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தவருடையது.