எனக்கு அவசரமாக ஒரு சந்தேகம் வேண்டும்

நர்ஸ் வேலைக்காக ஆன்லைனில் ஜெர்மன் படிக்கிறேன். இன்று குலசேகரம் பஸ்ஸில் இருந்தபடியே கோர்ஸின் கலந்துரையாடல் பக்கத்தில், ‘என்னால் முடியவில்லை, விலகுகிறேன்’ என்று எழுதிப் போட்டேன்.

பக்கத்து சீட் அக்கா என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“மக்கா, நீயும் இந்தக் கோர்ஸா படிக்கிய? அதுல தெனமும் சந்தேகம் கேக்க ஒரு பிள்ளை உண்டு. பாக்கி எல்லாரும் ஓடியாச்சு. அவ நிக்கத பாத்துதான் நானும் நிக்கேன்.”

அவர் சொன்ன பேர், என் பேர். போனைப் புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டேன்.

“இன்னைக்கு என்ன கேட்டிருக்கான்னு வீட்ல போய் பாக்கணும்” என்று திருவட்டாரில் இறங்கிவிட்டார்.

போட்டதை அழிக்க அங்கே வழியில்லை.

அவர் பார்ப்பதற்குள் அதன் கீழே ஏதாவது கேட்டாக வேண்டும். ஜெர்மன் தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு சந்தேகம் கொடுங்கள். பதில் வேண்டாம்.